சின்ன வேலைதானே

பொறியாளரான அவள் வந்து உட்கார்ந்த பிறகும் தலைக்கு மேலிருந்த விளக்கு எரியவில்லை. ஆள் அசைந்தாலே எரிகிற விளக்கு. கையை ஆட்டினாள்; எழுந்தும் நின்று பார்த்தாள். எதிரே, ஆளே இல்லாத மேசைக்கு மேல் வெளிச்சம் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கணினிகள் அடுக்கடுக்காக நின்ற குளிர்ந்த கூடத்திலிருந்து, சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் விசிறிகளின் ஓயாத இரைச்சலும் கசிந்து வந்தன. அந்தக் கணினிகளுக்குத் தலைவன் கிடையாது. எறும்புப் புற்றைப் பார்த்து அவள் செய்த ஏற்பாடு அது: யாரும் உத்தரவு போட வேண்டாம், பக்கத்திலிருப்பது விட்டுப்போன தடயத்தை வைத்தே ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒன்று செத்தால், எறும்புகள் செத்ததைத் தூக்கிப்போய்க் குப்பைக் குழியில் போடுவதுபோல, மற்றவை அதை ஒதுக்கிவிடும், வேலை நிற்காது. பிறகு அதில் ஊழியர்களையும் சேர்த்தார்கள். வசதியாக இருக்கிறதே என்று அவர்கள் வீட்டாரையும் சேர்த்தார்கள். அவரவர் கைபேசியில் அவரவர் வேலை வந்து விழும்.

அவளுக்குக் காலையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

சுருட்டையின் வேலையாகத்தான் இருக்கும். அடுத்த மேசைக்காரன், தேனொழுகப் பேசுவான், அவள் பதவி மேல் அவனுக்கு வெகுநாளாய் ஒரு கண்.

"என்னை நீதானே கழட்டிவிட்டே?"

அவன் அவளை நேராகப் பார்த்தபடியே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். "சத்தியமா நான் இல்லக்கா. உங்ககிட்டேருந்து தள்ளி உட்காரணும்னு வந்துச்சு. சின்ன வேலைதானே."

"யார் அனுப்பினது?"

"யாரும் இல்லக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

காவலாளி வந்து அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பதமாகக் கழற்றிக்கொண்டு போனார். துப்புரவுக்காரம்மா அவள் தேநீர்க் கோப்பையைக் கழுவித் துடைத்து ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். யார் முகத்திலும் கோபம் இல்லை. மறைப்பும் இல்லை. சதி என்றால் ஒருவராவது பார்வையை விலக்க வேண்டாமா?

கணவனைக் கூப்பிட்டாள். "உடனே வாங்க. இங்க என்னமோ சரியில்ல."

அந்தப் பக்கம் அலமாரிக் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"உன் துணியெல்லாம் மடிச்சு வெளிய வெச்சுட்டேம்மா," என்றான். அதே அன்பான குரல்.

"எதுக்கு?"

"மெசேஜ் வந்துச்சு. சின்ன வேலைதானே."

கைபேசி அணைந்தது. படிக்கட்டுக் கதவுக்கு ஓடினாள். திறக்கவில்லை. பின்னால் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது.

ஒருவர் தோளைப் பிடித்தார். ஒருவர் காலை. வண்டியில் கிடத்தினார்கள். சுருட்டை லிஃப்ட் கதவை மறித்து நின்றான், மூடிவிடாமல்.

"விடுங்க! நான் உயிரோடதான் இருக்கேன்!"

"ஆமா மேடம்," என்றார் காவலாளி, மரியாதையாக.

லிஃப்ட் இறங்கியது. குளிர். தூசி வாடை. கதவு விலகியது. நிலவறையில் பழுதான கணினிகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாக. கண் திறந்து. மூச்சு விட்டபடி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வரிசையின் கடைசியில் ஒருத்தி மட்டும் மெல்ல நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.