வெள்ளம் அடுக்காத கல்

உம்முஸ்ஸீன் வாசலிலேயே நின்று சொன்னாள். "பெல்காசெம் அண்ணே, என் அணை உடைஞ்சு போச்சு. ஏழு ஒலிவ மரம் வேர் தெரிய நிக்குது. கீழ் நிலத்து முன்ஜி அணைக்குள்ள என் மண்ணு கிடக்கு. தண்ணி மேல வழிஞ்சு உடைஞ்சுதுன்னு சொல்றான்."

"ஊர் என்ன சொல்லுது?"

"பொம்பளை கையில இருக்குற அணைன்னு சிரிக்குது."

நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் பெல்காசெம். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். மத்மாத்தா மலையில் ஓடைக்குக் குறுக்கே அணை போட்டு, மழை கொண்டுவரும் வண்டலைத் தலைமுறை தலைமுறையாகத் தேக்கினால்தான் வயல். அதைப் பார்த்துச் சிரிப்பவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கூடத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நண்பர், நீதிமன்ற எழுத்தர் நவ்ஃபலும் அவரோடு ஆவலாகக் கிளம்பினார். உம்முஸ்ஸீனின் அணை நடுவில் பிளந்திருந்தது. மிகுதி நீர் வழிவதற்காக ஓரத்தில் கல் பாவிய மதகின் மேல், மழையில் நனைந்து மறுபடி காய்ந்த ஆட்டுப் புழுக்கை அப்படியே கிடந்தது. பெல்காசெம் அதை வெகுநேரம் பார்த்தார்.

"புழுக்கையில என்னண்ணே இருக்கு?" என்றார் நவ்ஃபல்.

"முன்ஜி பேச்சோட நாணயம்."

கீழே, இரண்டு வருடம் முன்பு முன்ஜி கட்டிய அணை இடுப்பளவு வண்டலால் நிறைந்திருந்தது. உள்பக்கச் சுவரைப் பார்த்து நவ்ஃபல் வியந்தார். "சுவரெல்லாம் வெள்ளை. அழகா கட்டியிருக்கான்ணே."

பெல்காசெம் சுவரோரம் வண்டலைக் கையால் தோண்டினார். முழங்கால் உயரத்துக்கு இறங்கும் வரை வெள்ளைக் கற்களே வந்தன. அதற்குக் கீழேதான் கறுப்பு. கையைத் துடைத்துக்கொண்டு ஊர்த்தலைவரையும் முன்ஜியையும் வரச் சொன்னார்.

முன்ஜி பளபளக்கும் காலணியோடு வந்தான். "அந்தம்மா அணை மேல தண்ணி வழிஞ்சு ஓடுனதை என் கண்ணால பாத்தேன். மழை கொடுத்தது. நான் திருப்பியா அனுப்ப முடியும்?"

"வழிஞ்சா முதல்ல மதகு வழியாத்தான் வழியணும். மதகு மேல ஆட்டுப் புழுக்கை அசையாம கிடக்கு. ஆக நீ ஒண்ணும் பாக்கல."

"அப்ப வழியறதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்கும். சொத்தை அணை."

"இருக்கலாம். இந்த வெள்ளைக் கல்லு ஏது?"

"வெள்ளத்துல உருண்டு வந்துச்சு. பொறுக்கி வச்சேன்."

பெல்காசெம் புழுவைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார். சுவரிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை உருவித் திருப்பினார்; மறுபக்கம் கறுப்பு. "நவ்ஃபல், எழுதிக்க. வெயில் பட்ட கல்லு கறுக்கும். மண்ணுக்குள்ள புதைஞ்ச பக்கத்துல சுண்ணாம்பு படியும். ரெண்டுக்கும் பல வருஷம் ஆகும். இந்தக் கல்லெல்லாம் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. உம்முஸ்ஸீனோட பழைய அணைக்கு முகப்பா வச்ச கல்லு. இவன் திருப்பிப் போட்டுக் கட்டியிருக்கான்."

"உருண்டு வந்ததுதான்னு சொல்றேனே."

"வண்டல் உன் இடுப்பு வரைக்கும் நிக்குது. வெள்ளைக் கல்லு முழங்கால்லயே ஆரம்பிக்குது, வண்டலுக்கு அடியில. வெள்ளம் கொண்டுவந்த கல்லு, வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே எப்படிடா சுவர்ல ஏறுச்சு?"

முன்ஜி சுவரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான்.

"மழைக்கு முன்னாடி அணையைத் தோண்டி வழி விட்டிருக்க. மூணு தலைமுறை சேத்த மண்ணை ஒரே மழையில திருடிட்ட. அதோட விட்டியா? கல்லு சும்மா கிடக்குதேன்னு அதையும் எடுத்த. திருட்டுலயும் கஞ்சத்தனம்."

ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமினார். நேற்று வரை சிரித்தவர். "உம்முஸ்ஸீன், அவன் நிலத்தை நீயே எடுத்துக்கம்மா. விஷயம் முடிஞ்சுது."

"என் மரம் கீழ நடந்து வருமா? மண்ணு மேல வரட்டும். அணையும் அவனே கட்டட்டும், அடுத்த மழைக்குள்ள."

"என் கழுதையை அனுப்புறேன்," என்று முன்ஜி முணுமுணுத்தான்.

"கழுதை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அவள்.

மதியத்துக்குள் முன்ஜி முதல் கூடையைத் தோளில் சுமந்துகொண்டு மேடேறினான். உம்முஸ்ஸீன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கூடையை வாங்கி, ஓரத்து மரத்தின் வேரில் கவிழ்த்து, காலால் மிதித்து இறுக்கினாள். பிறகு வெற்றுக் கூடையை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.