பாதி வேகன்

காலை 8.05. கார் கம்பெனியின் மாதிரி அறைக்குள்ளிருந்து அண்ணன் போட்ட கூச்சலில் மாடியில் இருந்தவர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

மேடையில் ஸ்போர்ட்ஸ் வேகனின் வலது பாதி மட்டும் நின்றது. இடது பாதியைக் காணோம்.

நிஜ வண்டியில் கால் பங்கு அளவுள்ள களிமண் மாதிரி அது. இரண்டு பாதிகளாகச் செய்து நடுவில் பொருத்தியது. நீளக் கூரை, பின்னால் ஒரு குடும்பத்தின் மூட்டை முடிச்செல்லாம் கொள்ளும் இடம், அதோடு பந்தயக் காரின் முறுக்கு. வரைந்தவள் தங்கை. பத்து மணிக்கு முதலாளி வருவார். தங்கையின் வேகனா, அண்ணனின் செடானா, தொழிற்சாலைக்குப் போவது எது என்று சொல்லிவிடுவார். பாதி வண்டியைக் காட்டி யாரிடம் சம்மதம் வாங்குவது?

"ரெண்டு வருஷம்டா சாமி!" என்று தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

8.20. பாதுகாப்பு அதிகாரி வந்தார். போலீசில் ஓய்வு பெற்ற அம்மாள். அதிகம் பேசமாட்டார், கேட்பார். சாவி நான்கு பேரிடம்: அண்ணன், தங்கை, களிமண் மேஸ்திரி, இரவுக் காவல்காரர். முதல் மூவரும் காலை ஏழிலிருந்து மாடியில் ஒன்றாக இருந்தார்கள். எட்டு மணிக்கு விளக்குப் போட அண்ணன் மட்டும் முதலில் இறங்கினார். ஐந்தே நிமிடம்.

அதிகாரி காவல்காரரை முன்னால் அழைத்தார்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"ஏழு மணிக்கு மேடம். கதவுல இருக்கிற சின்ன ஜன்னல் வழியா. முழு வண்டியும் இருந்துச்சு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"சத்தியமா! பின்பக்கம் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் சைலன்சர் குழாய், சும்மா ஜம்முனு இருந்துச்சு."

அண்ணன் குறுக்கே பாய்ந்தார். "ஏழுலேருந்து எட்டு வரைக்கும் வராண்டாவுல இருந்தது இவர் ஒருத்தர்தான். வேலையை விட்டுத் தூக்குங்க!"

அதிகாரி மூலையில் இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். சக்கரம் வைத்தது. விரலால் சட்டத்தைத் தடவினார், தூசி இல்லை.

"இது எதுக்கு மேஸ்திரி?"

"ஒரு பாதி முடிஞ்சதும் நடுவுல இதை நிறுத்திப் பார்ப்போம். முழு வண்டியாத் தெரியும். நாங்க இதைத் தொட்டே மூணு மாசமாச்சு."

அதிகாரி தங்கையிடம் திரும்பினார். "உன் வண்டிக்குக் குழாய் எத்தனைம்மா?"

"ஒண்ணுதான். வலது பக்கம் மட்டும்."

"அப்ப காவல்காரர் பார்த்த ரெண்டாவது குழாய் எங்கேருந்து வந்துச்சு?"

அதிகாரி கண்ணாடியை உருட்டிவந்து பாதி வண்டியின் வெட்டுப் பக்கத்தை ஒட்டி நிறுத்தினார்.

"அவர் பொய் சொல்லல. பார்த்தது வலது பாதியையும் அதோட பிம்பத்தையும். இடது பாதி நேத்து சாயங்காலமே போயாச்சு. நேத்து கடைசியாப் பூட்டினது நீங்கதானே சார்? அஞ்சு நிமிஷத்துல பாதி வண்டியைக் கடத்த முடியாது. ஆனா கண்ணாடியை மூலைக்குத் தள்ள அரை நிமிஷம் போதும். ஏழு மணிக்கு வண்டி முழுசா இருந்துச்சுன்னு ஒரு அப்பாவியைச் சொல்ல வச்சீங்க. அவர் தலையிலேயே பழியையும் போட்டீங்க."

"உளறாதீங்க. அப்ப அந்தப் பாதி எங்க?"

"கோடவுன்ல. அவ்வளவு பெரிய சாமான் அடங்குற டிக்கி இந்தக் கட்டடத்துல ஒரு வண்டிக்குத்தான் இருக்கு."

8.50. கோடவுனில் துணியை விலக்கினார்கள். பன்னிரண்டு வருடம் முன்பு அண்ணன் வரைந்து, நிஜ அளவிலேயே செய்த வேகன். கண்காட்சியில் கைதட்டல் வாங்கி, தொழிற்சாலையை எட்டிக்கூடப் பார்க்காத வண்டி. அதன் டிக்கியில், கம்பளி சுற்றி, ஒரு நகக்கீறல்கூட இல்லாமல் இடது பாதி படுத்திருந்தது.

"வயித்தெரிச்சல்தான்," என்றார் அண்ணன். "என்னோடது இங்க கிடக்கு, இவளோடது மட்டும் ரோட்டுல ஓடணுமா? உடைக்கத்தான் எடுத்தேன். கை வரல."

காவல்காரரிடம் அண்ணனைக் கைகூப்பி மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டுத்தான் அதிகாரி நகர்ந்தார். மேஸ்திரி ஓடி ஓடிப் பாதிகளைப் பொருத்தினார்.

10.00. முதலாளி வேகனை இரண்டு முறை சுற்றி வந்தார். கைதட்டினார்.

"பிரமாதம்! கண்காட்சியில கூட்டம் அள்ளும். ஆனா விக்கிறதுக்கு செடானே போதும்."

சாயங்காலம் தங்கை தன் வேகனைக் கோடவுனுக்குத் தள்ளிக்கொண்டு போய், அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வாசலில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப எரிச்சல் அடங்குச்சா அண்ணா?"

அவர் உள்ளே வந்தார். கீழே கிடந்த துணியை எடுத்து உதறி, இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் போர்த்தினார்.