இடது முன் இருக்கை

காரில் அவரைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் விடாமல் மணியடித்தது.

பெரியவர் ஷெட்டின் கதவை உள்ளிருந்து சாத்திவிட்டு வந்து, வண்டியை அணைத்து, சாவியை மறுபடி திருப்பினார். அதே சிவப்பு விளக்கு, அதே டிங், டிங். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ரப்பரும் பழைய எண்ணெயும் மணத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. கசப்பான அந்த வாடை, எத்தனை புட்டி வாசனைத் தைலம் தெளித்தும் போகாமல், இடது முன் இருக்கையின் தையல்களுக்குள் இருந்து யாரோ மூச்சு விடுவதுபோல விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கூடத்தில் சம்பந்தியாகப் போகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருமாக ஓட்டலுக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டே கல்யாணத் தேதியைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. அவரும் மகளும் இந்தக் காரில் முன்னே போக வேண்டும், அவர்கள் தங்கள் வண்டியில் பின்னே வருவார்கள். மாப்பிள்ளையின் தம்பி கார்ப் பைத்தியம். இந்தச் சத்தம் அவன் காதில் விழுந்தால் போதும், பானெட்டைத் திறக்காமல் விடமாட்டான்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் அவன் முதலில் சீட்டைக் கழற்றுவான். கழற்றினால் கறை தெரியும். என்ன கறை என்று கேட்பான். இந்தக் குடும்பத்தைப் பார்த்து ஒரு மெக்கானிக் கேள்வி கேட்பதா?

அதனால்தான் காரின் பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைத் தாமே போய் வாங்கிவந்தார். கடைக்காரப் பெண் இரண்டை எடுத்து வைத்தாள்.

"எஞ்சின் விளக்குன்னா இந்தக் குட்டியே போதும் சார். சீட்டு, ஏர்பேக் எல்லாம் படிக்கணும்னா பெருசுதான். ஆனா விலை..."

"விலையை நான் கேட்டேனா?"

"கேக்கல சார். கேட்டுட்டு மயக்கம் போட்டவங்களைப் பாத்திருக்கேன், அதான் சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. "அழிச்சா அழிஞ்சிடுமா?"

"எரர் கோடு அழிஞ்சிடும். காரணம் உள்ளயே இருந்தா திரும்ப வந்து நிக்கும். முதல்ல காரணத்தைப் பாருங்க சார்."

அவர் பெரியதைக் காட்டினார். காரணம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இப்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே தடவி, சாக்கெட்டைக் கண்டுபிடித்து, பிளக்கைச் செருகினார். திரை நீலமாக விழித்தது. எஞ்சின், பிரேக், கியர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டது. எல்லாம் சரி. இருக்கைக்கு வந்ததும் நின்றது. ஒரு எரர் கோடு. அழித்தார். விளக்கு அணைந்தது. அவர் மூச்சை விடுவதற்குள் திரும்ப எரிந்தது.

இந்த நொடியில் சென்சார் என்ன சொல்கிறது என்று காட்டும் பக்கத்துக்குப் போனார்.

இடது முன் இருக்கை: ஆள் உண்டு. பெல்ட்: இல்லை.

குனிந்து பார்த்தார். பை இல்லை, குடை இல்லை, ஒன்றுமே இல்லை. கையால் தடவினார். உறை ஈரமாக, சில்லென்று இருந்தது. நடுவில் ஒரு பள்ளம். கையை எடுத்தபின்பும் பள்ளம் நிமிரவில்லை.

திரையில் கடைசி வரி எடை. அந்த எண்ணை அவருக்குத் தெரியும். மருந்துக்கடை மெஷினில் ஏறி இறங்கும் போதெல்லாம், "பாருங்க, என்ன சாப்பிட்டாலும் ஏறவே மாட்டேங்குது" என்று அவர் மனைவி குறைப்பட்டுக்கொண்ட எண்.

போன வருஷம், தானாகவே விஷத்தைக் குடித்துவிட்டுக் கிடந்தவளை, இந்த இருக்கையில்தான் தூக்கி வைத்தார். பக்கத்துத் தெருவிலேயே ஆஸ்பத்திரி. ஆனால் அங்கே மைத்துனன் மகள் நர்ஸ். பொழுது விடிவதற்குள் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு அந்த வீட்டுப் பெண்ணை எவன் கட்டுவான்? அவர் ஊருக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார். வழியில் அவள் தலை கவிழ்ந்தது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் பார்க்கிறானே என்று, பெல்ட்டை இழுத்து மாட்டி அவளை நிமிர்த்தி உட்கார வைத்தார். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னார். ஊரும் நம்பியது. மகளும் நம்பினாள்.

டிங். டிங்.

அவர் பெல்ட்டை இழுத்தார். காலி இருக்கையின் குறுக்கே கொண்டுபோய் பக்கிளில் அழுத்தினார். சத்தம் நின்றது, விளக்கு அணைந்தது. அவ்வளவுதானே!

ஆனால் பட்டை இருக்கையோடு ஒட்டிப் படியவில்லை. மார்பு இருக்கவேண்டிய உயரத்தில் வளைந்து நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

"அப்பா!" ஷெட்டின் கதவு திறந்தது. மகள். "எல்லாரும் வண்டியில ஏறிட்டாங்க. நீங்க இன்னும் காருக்கு என்ன டாக்டர் வேலை பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"பின்னாடி ஏறும்மா."

"பின்னாடி உக்காந்தா அவங்க தம்பி சும்மா விடுவாரா? அப்பாவை டிரைவராக்கிட்டீங்களேன்னு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் என்னை ஓட்டுவாரு." சிரித்தபடி இடது கதவைத் திறந்துவிட்டாள். வாசலில் நின்ற வண்டிக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்.

அவரே பெல்ட்டை விடுவித்தார்.

"சீட்டு ஏன்பா ஈரமா இருக்கு?"

"உக்காரும்மா. அவங்க பாக்கறாங்க."

உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். திரையில் எடை ஏறியது. ஒரு பெண்ணுக்குரியது அல்ல. இரண்டு பேருக்குரியது. அவர் பிளக்கைப் பிடுங்கி ஸ்கேனரைக் காலடியில் போட்டார்.

வண்டி தெருவில் இறங்கியதும் தூறல் பிடித்தது. பின்னால் அவர்களுடைய விளக்குகள் ஒட்டிக்கொண்டே வந்தன. முதல் திருப்பத்தில் மகள் நெளிந்தாள்.

"பெல்ட் இறுக்குதுப்பா."

"பழைய பெல்ட்."

"இல்லப்பா, இறுக்கிக்கிட்டே வருது." பக்கிளை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். விடவில்லை. "இது என்ன வாடை? என் வாயிலிருந்தா வருது? அப்பா..."

"போறவரைக்கும் பொறுத்துக்கோ."

"மூச்சு... முடியலப்பா."

எதிரே பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியின் பச்சை விளக்கு தெரிந்தது. திறந்த கேட். வாசலில் வெள்ளை உடையில் யாரோ. நிறுத்தினால் பின்னால் வருகிறவர்களும் நிறுத்துவார்கள். இறங்கி வருவார்கள். வாடையைப் பார்ப்பார்கள். சீட்டைப் பார்ப்பார்கள். மைத்துனன் மகளைப் பார்ப்பார்கள்.

மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர் திரும்பவில்லை. இடது பக்கத்திலிருந்து, மகளின் குரலில், மகள் ஒருபோதும் அவரை அழைக்காத விதத்தில் அழைப்பு வந்தது.

"என்னங்க."

அவர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார்.

"என்னங்க... இங்கயே நிறுத்துங்களேன்."

கேட் வந்தது. கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. கால் அங்கேயே இருந்தது.

பச்சை விளக்கு பின்னால் போயிற்று.

மகளின் தலை மெல்லச் சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. கனத்தது. ஈரமாக, சில்லென்று. கண்கள் திறந்திருந்தன. பின்னால் வந்த வண்டி குஷியாக ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். அப்பாவின் தோளில் செல்லமாகச் சாய்ந்திருக்கும் பெண்ணை மாப்பிள்ளையின் அம்மா தன் மகனுக்குச் சுட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் அவர்களுக்குக் கையசைத்தார்.

அவர் கழுத்தோடு ஒட்டியிருந்த குளிர்ந்த உதடுகள் இன்னும் அசைந்தன.

"என்னங்க. என்னங்க. என்னங்க."