முதல் வண்டு வந்த மரம்

ஃபோன் அலறியது!

காலை எட்டு மணி. ஒரு காலில் செருப்போடு ஓடிவந்து எடுத்தாள் அவள்.

"கண்ணு... அப்பா பேசறேன்."

"சொல்லுங்கப்பா. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தோட்டத்துக்குக் கெளம்பி வா. நீ மட்டும் வா. மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம்."

"ஏன், மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டையா?"

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"ஃபோன்ல பேசற விஷயமில்லடா..."

"மியூசியத்துல ஒரு தட்டுப் பூச்சி பாதியில நிக்குதுப்பா. முடிச்சிட்டு பத்து மணிக்கெல்லாம் வந்துடறேன்."

"சரி... பத்து மணி. அதுக்கு மேல ஆக்காத."

வைத்துவிட்டார்.

அவளுக்குப் பூச்சி மியூசியத்தில் வேலை. செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி, சிறகு விரித்து, பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர், ஊசிக்காரி.

அவள் கணவன் அங்கேயே ஆராய்ச்சியாளன். ஊருக்கெல்லாம் வண்டு டாக்டர்!

கடல் தாண்டி வந்த நீலக்கொம்பு வண்டை இந்தப் பகுதியில் முதன்முதலாகப் பிடித்துப் பதிவு செய்தவன். ஐந்து வருடம் ஆகிறது. பிடித்த இடம், மாமனாரின் பிளம்ஸ் தோட்டம். 'மரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தபோதே பிடித்தேன்' என்று எழுதினான். விருது... பேட்டி... பதவி உயர்வு!

வண்டு சும்மா இருக்குமா? ஒரு தோட்டம் நாலானது. நாலு நாற்பதானது. வண்டு இருக்கும் தோட்டத்தில் ஒரு மரம் மிச்சமில்லாமல் வெட்ட இந்த வருடம்தான் உத்தரவு வந்தது.

போன வாரம் அப்பாவின் முறை. நூற்றெழுபது மரங்கள். நாலே நாள்.

"யாரும்மா ஃபோன்ல?" முகத்தில் சவர நுரையோடு எட்டிப் பார்த்தான் கணவன்.

"அப்பாதான். என்னை மட்டும் வரச் சொல்றாரு. உங்களுக்குச் சொல்லக்கூடாதாம்!"

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ரேஸர் அவன் கன்னத்தில் ஒரு விநாடி நின்றது.

"மரமெல்லாம் போன வருத்தம் அவருக்கு. மெதுவாவே போ."

மெதுவாகவே போனாள்.

பத்தேகாலுக்குத் தோட்டத்து கேட்டைத் தள்ளினாள். வெறும் அடிக்கட்டைகள். வரிசை வரிசையாக...

"அப்பா...!"



கருவிக் கொட்டகையின் வாசல்படியில் அவர் கிடந்தார். கல்லில் தலை. மேலே குறுக்காக ஒரு ஏணி. காதில் செருகிய பென்சில் அப்படியே இருந்தது.

வெட்டவெளி அதிர்ந்தது அவள் போட்ட அலறலில்!

*

இன்ஸ்பெக்டர் ஏணியைச் சுற்றி வந்தார்.

"கூரையைச் சரி பண்ண ஏறியிருப்பாரும்மா. கால் வழுக்கி..."

"இல்ல சார்." அவள் அப்பாவின் கையை விடவில்லை. "முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம். பல்பு மாத்த ஸ்டூல் மேலகூட ஏற மாட்டாரு."

இன்ஸ்பெக்டரின் பார்வை கூர்மையானது. வீட்டுக்குள் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"உள்ள எல்லாத்தையும் கலைச்சுப் போட்டிருக்காங்க. யாரோ எதையோ தேடியிருக்காங்க! உங்கப்பாகிட்ட அப்படி என்னம்மா இருந்தது?"

"ஒண்ணும் இல்ல சார். மரம்தான் இருந்தது. அதுவும் போயிடுச்சு."

அழுகை முட்டியது. கொட்டகைக்குப் பின்னால் நகர்ந்தாள்.

அங்கே ஒரு குழி. காய்ந்த சருகும் சுள்ளியும் கொளுத்தத் தயாராக அடுக்கியிருந்தன. சருகுக்கு அடியில்... என்ன அது?

இழுத்தாள்.

பிளம்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டு! ஒன்றல்ல... பதினொன்று! ஒவ்வொன்றிலும் வண்டு துளைத்த ஓட்டை. பக்கத்தில் அப்பாவின் பென்சில் எழுத்து.

'மூணு வருஷம்.' 'ரெண்டு வருஷம்.' 'மூணு.' 'மூணு.'

கடைசித் துண்டில் மட்டும் ஒரு வரி.

'மூணு வருஷத்துக்கு மேல பழைய ஓட்டை ஒரு மரத்துலயும் இல்ல.'

அவள் வளையங்களை விரலால் எண்ணிப் பார்த்தாள்.

"என்னம்மா இது?" இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்திருந்தார்.

"மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும் சார். வண்டு வெளியே வந்த ஓட்டைக்கு அப்புறம் எத்தனை வளையம்னு எண்ணினா, எத்தனை வருஷ ஓட்டைன்னு தெரியும். எங்கப்பா நூத்தெழுபது மரத்தையும் எண்ணியிருக்காரு."

"சரி... அதனால?"

"முதல் வண்டு வெளியே வந்தது மூணு வருஷம் முன்னாடி. ஆனா மரத்துலேர்ந்து வெளியே வந்தப்பவே பிடிச்சேன்னு என் வீட்டுக்காரர் எழுதினது..." குரல் உடைந்தது. "அஞ்சு வருஷம் முன்னாடி!"

இன்ஸ்பெக்டர் விசிலடித்தார்.

"அப்போ அந்த வண்டு மரத்துலேர்ந்து வரல!"

"அவர் பெட்டியிலேர்ந்து வந்திருக்கு சார்."

அதே நேரம் கேட் கிறீச்சிட்டது.

"மாமா...!"

வண்டு டாக்டர் ஓடிவந்தான். படியில் விழுந்து, அப்பாவின் பாதங்களைப் பிடித்துக் கதறினான்.

"லேப்ல இருந்தேன்மா... நீ ஃபோன் பண்ணதும் அப்படியே வந்தேன்!"

"காலையிலேர்ந்து லேப்லயா டாக்டர்?" இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார்.

"ஆமா சார்."

இன்ஸ்பெக்டர் செல்ஃபோனை எடுத்தார். பேசினார். கேட்டுக்கொண்டார். வைத்தார்.

"ரோட்டு முனையில பூச்சி செக்போஸ்ட் இருக்கே... உங்க கார் எட்டு நாப்பதுக்கு உள்ள வந்து, ஒம்பதே காலுக்கு வெளியே போயிருக்கு. மருந்தடிச்சு நம்பர் குறிச்சிருக்காங்க. யாரா இருந்தாலும் குறிக்கணும்னு சட்டம் போட வச்சதே நீங்கதானாமே?"

 

அவள் வட்டத் துண்டை அவன் முன்னால் வைத்தாள்.

"எங்கேர்ந்து கொண்டு வந்தீங்க?"

"அம்மாடி..."

"எங்கேர்ந்துன்னு கேக்கறேன்!"

அவன் உடைந்தான்.

"வெளிநாட்டுக்கு மீட்டிங் போனேன்ல... ரெண்டு வண்டு. மறைச்சுக் கொண்டு வந்தேன். பதினாலு வருஷ ஆராய்ச்சியில என் பேர்ல ஒரு பதிவுகூட இல்லம்மா! ஒண்ணை ஊசியில குத்தினேன். இன்னொண்ணை ஃபோட்டோவுக்காக மரத்து மேல விட்டேன். வயித்துல முட்டையோட இருந்த பெண் வண்டு. கண்ணு முன்னாடியே பறந்துடுச்சு..."

ஒரே ஒரு வண்டு.

நாற்பது தோட்டம்!

"அப்பாவை..?"

"'எல்லா மரத்தையும் எண்ணிட்டேன் மாப்பிள்ளை'ன்னாரு. எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. தள்ளிட்டேன்... மேல ஏதோ சொல்ல வந்தாரு. நான் கேக்கல."

கேட் மறுபடி கிறீச்சிட்டது.

மரம் அறுக்கும் மிஷின்காரர். கையில் ஒரு கேன்.

"பாப்பா... பெரியவர் எங்க? பதினோரு மணிக்கு மண்ணெண்ணெய் கேட்டிருந்தாரே..."

படியைப் பார்த்தார். கேன் கை நழுவி விழுந்தது.

"ஐயோ... ஐயா!"

"மண்ணெண்ணெய் எதுக்கு?" இன்ஸ்பெக்டர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அந்த வட்டத்தையெல்லாம் எரிக்கறதுக்கு சார்! நான்தான் அறுத்துக் குடுத்தேன். மூணு நாள் தூங்கல மனுஷன். நேத்து சொன்னாரு... 'போன மரம் திரும்பி வராது. என் பொண்ணு குடும்பமாவது நிக்கட்டும். அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொளுத்திடறேன். மாப்பிள்ளையைக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல'ன்னு..."

அவர் விம்மினார்.

வண்டு டாக்டரின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"என்னை... காப்பாத்தவா நினைச்சாரு?"

"ஆமா." அவள் குரலில் உயிரில்லை. "நீங்க ஒரு நிமிஷம் பேச விட்டிருந்தா போதும். நான் ஒரு தட்டுப் பூச்சியை விட்டுட்டு வந்திருந்தா போதும்..."

அப்பாவின் நெற்றியில் ஒட்டிய மண்ணை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் கண்ணீரே மறுபடி விழுந்து நனைத்தது.

விலங்கு 'க்ளிக்' என்றது. இழுத்துப் போகும்போது அவன் திரும்பினான்.

"என்னை நம்பும்மா! நான் ஒருத்தர் மேல கை வச்சது... சத்தியமா இதுதான் முதல் தடவை!"

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நீங்க 'முதல்'னு சொன்னா... இனிமே எண்ணிப் பார்த்துட்டுத்தான் நம்புவாங்க!"