நடுங்கிய நான்கு சொற்கள்

கள்ளிக்குப்பத்தில் ஷேக் தாவூத் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த ஊர்க் கொசுக்கள் ட்யூபில் மூக்கை விட்டுக் காற்றைக் குடித்துவிடும் என்பதால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஒரு கொசுவுக்கு நாலு பம்பு காற்று என்று அவரே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். கொசுவுக்கு அஞ்சாத மனிதர் பேய்க்கு மட்டும் அஞ்சுவார்.

1989, பொங்கல் கழிந்த வாரம். பக்கத்து அச்சகத்தில் அச்சுக் கோர்க்கும் வேம்புலியம்மாளோடு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மேனாம்பேட்டிலிருந்து ஞானகுமாரி மூச்சிரைக்க வந்து நின்றாள். ஊரில் மொட்டைக் கடிதம் வந்தால்கூட எழுத்தைப் பார்த்தே எழுதியவரைப் பிடித்துவிடுவார் வேம்புலியம்மாள். அது எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, செத்தவரு ஊமைப்படத்துல எழுதிக் காட்டுறாரு!"

தாவூதின் டீ லுங்கியில் கொட்டியது. வேம்புலியம்மாள் தன் டீயைக் குடித்து முடித்தார்.

"உக்காந்து சொல்லு, குமாரி. இன்னா எழுதினாரு?"

ஞானகுமாரியின் கணவர் ஆரோக்கியசாமி டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்து, நாலு வருடத்துக்கு முன் இறந்தவர். அவர் விட்டுப்போனது ஒரே ஒரு படச்சுருள். முதல் உலகப் போரில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த ஊமைப்படம் அது. வருடாவருடம் அவர் நினைவு நாளில், பூந்தமல்லி மஸ்தான் கைச்சுற்று மெஷினைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் அதை ஓட்டுவார். இந்த வருடம் படத்தின் நடுவே யாரும் அறியாத ஒரு வசன அட்டை வந்தது. 'பிள்ளையை அனுப்பினால் உடல்கூட வராது.'

"எம் புள்ள ஜெயபால் திங்கக்கெழம பட்டாளத்துக்குப் போறான்க்கா. அவன அனுப்புறேன்னு அவரு சாவும்போது கையில அடிச்சு சத்தியம் பண்ணேன். இப்ப அவரே வேணாங்கிறாரு. சிலோன்ல வேற சண்ட நடக்குது. எழுதினது அவருன்னா நிறுத்திடுவேன். மனுசன் வெளயாட்டுன்னா அனுப்பிடுவேன். எதுன்னு நீதான் சொல்லணும்."

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேனாம்பேட்டு வீட்டின் ஜன்னல்களைச் சாக்கால் அடைத்தார்கள். உள்ளே இருட்டு கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. மஸ்தான் நனைத்த கோணி ஒன்றை மெஷினுக்கு அருகில் வைத்தார்.

"யாரும் பீடி பத்த வெக்காதீங்க. இது பழைய பிலிம். ஒரு பொறி பட்டா ஊடே போயிடும்."

தாவூதுக்கு இப்போது பயப்பட இரண்டு காரணங்கள். தகரப் பெட்டியின் மூடியில் ஆரோக்கியசாமி தன் கையால் எழுதிய 'சுருளைத் தொடாதே' என்ற எச்சரிக்கையை டார்ச் அடித்துப் பார்த்தார் வேம்புலியம்மாள். 'ளை'யின் முன்னால் யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு தூக்கி நின்றது. பிறகு டார்ச்சை அணைத்தார்.

மெஷின் கடகடவென்றது. சுவரில் ஒரு தாய் மகனுக்குத் திலகமிட்டாள். வைக்கோல் போரில் ஒளிந்த கோழை ஒருவன்மேல் காக்கை எச்சமிட்டது. மீசைக்காரச் சிப்பாய் ஒருவன் நேராகத் தாவூதையே விரலால் சுட்டினான். 'தாயே, உன் பிள்ளையை அனுப்பு' என்று அட்டை வந்தது. தும்பிக்கை வைத்த பழங்கால எழுத்தைத் தாவூத் தடவித்தடவிப் படித்தார். உடனே சுவர் கறுத்தது. வெள்ளை எழுத்துகள் நான்கு சொற்களாக முளைத்தன. அவை நின்ற இடத்தில் நிற்கவில்லை. குளிரில் கிடக்கும் குழந்தைபோல உதறின. இதை மட்டும் தாவூத் தினசரிப் பேப்பர் படிப்பதுபோல ஒரே மூச்சில் படித்துவிட்டார். படித்த பிறகுதான் தன் கை வேம்புலியம்மாளின் முந்தானையைப் பிடித்திருப்பதைக் கவனித்தார்.

"உடு பாய், கிழிஞ்சிடப் போவுது."

ஜன்னல் திறந்ததும் வேம்புலியம்மாள் அச்சகத்துப் பூதக்கண்ணாடியால் அந்தக் கறுப்பு பிலிம் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூன்று பேரை விசாரித்தார்.

மஸ்தான், "என் அண்ணன் சண்டைக்குப் போயி திரும்பலம்மா. இந்தப் படத்த கண்டாலே எனக்கு ஆவாது. ஆனா செத்த மனுசன் பேர்ல வெளயாட மாட்டேன்" என்றார்.

ஞானகுமாரியின் தம்பி அருள்தாஸ் பட்டாளத்தில் காலை ஒடித்துக்கொண்டு வந்தவர். "அனுப்பாதன்னு நேராவே சொன்னேன். பிலிம்ல எழுதி சொல்ல எனக்கு இன்னா தலையெழுத்து?"

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த ஜெயபாலுக்குப் பதினெட்டு வயது. சட்டைப் பையில், தகட்டில் கோடு கிழிக்கும் ஊசி இருந்தது. "நான் போறேன்னுதான் சொல்றேன். அம்மாதான் பயப்படுது" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"செத்தவர்கிட்ட ஒரு கேள்வி கேப்போம்," என்றார் வேம்புலியம்மாள். "நான் சொல்றத ஆளுக்கொரு தாள்ல எழுதுங்க. 'ஐயா, பிள்ளையை அனுப்பினால் குற்றமா?' பாய், நீயும்தான்."

தாவூத் பென்சிலை இரண்டு கையாலும் பிடித்து எழுதினார். பதில் எந்தச் சுவரிலிருந்து வரும் என்று நாலு பக்கமும் பார்த்தார். வரவில்லை. வேம்புலியம்மாள் ஐந்து தாள்களையும் வரிசையாகப் பரப்பினார்.

"குமாரி, மறுபடியும் கேக்குறேன். மனுசன் எழுதினதுன்னா அனுப்பிடுவியா?"

"சத்தியம் பண்ணிருக்கேன்க்கா."

"சரி. உன் புருசன் எழுதல. பெட்டி மூடியப் பாரு. அவரு 'ளை'க்குத் தும்பிக்கை போட்டாரு. படத்துல வர்ற நெசமான அட்டையிலயும் தும்பிக்கை. எழுபத்தெட்டுல சர்க்கார் எழுத்த மாத்துச்சு. தும்பிக்கை போச்சு, 'னா'வோட சுழி போச்சு. அந்த அச்சையெல்லாம் நான்தான் கூடையில அள்ளி உருக்கக் குடுத்தேன். ஆனா வயசானவங்க கை மாறல. உன் தாள், மஸ்தான் பாய் தாள், அருள்தாஸ் தாள், எல்லாத்துலயும் தும்பிக்கை கீது. தாவூத் பாய் நாலு தும்பிக்கை போட்டுக்கீறாரு, மூணு கூடுதல்."

தாவூத் தான் பேயில்லை என்று நிரூபணமானதில் ஆறுதலடைந்தார்.

"நடுவுல ஒட்டின துண்டுல மட்டும் புது எழுத்து. எழுத்து மாறினப்ப ரெண்டாங்கிளாஸ்ல இருந்த புள்ள இந்த ஊட்ல ஒண்ணுதான். அவன் தாள்லயும் தும்பிக்கை இல்ல."

ஜெயபால் தரையைப் பார்த்தான்.

"எழுத்து ஏன்கா உதறுச்சு?" என்று கேட்டார் தாவூத்.

"கறுப்பு பிலிம்ல கட்டம் கட்டமா ஊசியால கீறினது, பாய். அறுவது கட்டம். அறுவது தடவை அதே நாலு வார்த்தை. ஒண்ணு மாதிரி ஒண்ணு வருமா? அதுவும் கை நடுங்குறப்ப?"

ஞானகுமாரி மகனிடம் போனாள். அடிக்கப்போகிறாள் என்று தாவூத் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழும் சத்தம் கேட்கவில்லை.

"பயமா கீதும்மா," என்றான் ஜெயபால். "எல்லாரும் மாலை போட ரெடியா கீறீங்க. எப்டி சொல்றது?"

"நீ இன்னா ஊமைப்படமாடா? வாய் எதுக்குக் குடுத்துக்கீது?" அவள் அவன் விரல்களை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன. "அறுவது தடவையா எழுதின?"

அவன் தலையாட்டினான்.

ஞானகுமாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "மஸ்தான் பாய், கத்திரி இருக்குதா?"

"இருக்குதும்மா. இந்தக் கறுப்புத் துண்ட வெட்டிடட்டுமா?"

"வேணாம். 'அனுப்பு'ன்னு சொல்லுது பாருங்க, அந்த அட்டைய வெட்டுங்க. என் புள்ள எழுதினது படத்துலயே இருக்கட்டும்."