கண் உயரத்தில் ஒரு ஜன்னல்

அந்த ஜீப் காட்டூர்ப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, அதன் மேல் இருந்ததைக் கூரை என்று சொன்னால் உலகத்தில் உள்ள மற்ற கூரைகளுக்கெல்லாம் கோபம் வந்திருக்கும். நாலு கம்பி, ஒரு தார்ப்பாய், தார்ப்பாய் நிறைய ஓட்டைகள். அவ்வளவுதான்.

ஜீப்பை ஓட்டி வந்தவர் பெயர் அடைக்கலம். பச்சைமலைக்காரர். மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சின்ன ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவது அவர் வேலை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது. சேறு, பாறை, ஓடை எதற்கும் அஞ்சாது. மழை வந்தால் மட்டும் உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

"போன மழையில பிள்ளைங்க புத்தகமெல்லாம் ஊறிப்போச்சுங்க. கெட்டியா ஒரு ஃபைபர் கூரை செஞ்சு குடுங்க. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரக் கூடாது" என்றார் அடைக்கலம்.

பட்டறை பிரான்சியின் அப்பா அமிர்தசாமியுடையது. தண்ணீர்த் தொட்டி, குப்பைத் தொட்டி, பூங்காவில் வைக்கும் சறுக்குமரம் என்று ஃபைபரில் எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். ஜீப்புக்குக் கூரை மட்டும் இதுவரை செய்ததில்லை. அதனாலேயே அவருக்கு ஆசை அதிகமாகிவிட்டது.

"செஞ்சுடலாங்க" என்று உடனே சொல்லிவிட்டார்.

பட்டறையில் அளவெடுப்பதும் படம் வரைவதும் ஷரபுன்னிசா அக்கா. அவர் அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி வந்தார். முதலில் அட்டையில் ஒரு மாதிரிக் கூரை செய்வார்கள். அது ஜீப்பின் மேல் சரியாக உட்கார்ந்தால், அதே அளவில் மரத்தில் அச்சு செய்வார்கள். அச்சின் மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற பசையைத் தடவி, காய்ந்ததும் கழற்றினால் கூரை தயார்.

ரெசின் டப்பாவைத் திறந்துவிட்டால் பிரான்சிக்குப் பட்டறைக்குள் இடம் கிடையாது. அந்த வாடை சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அப்பா விரட்டிவிடுவார். ஆனால் அட்டை வேலை நடக்கும்வரை ஆறாம் வகுப்பு பிரான்சிதான் அங்கே பெரிய இன்ஜினியர். கத்தரிப்பாள், ஒட்டுவாள், கூப்பிடாமலே வந்து யோசனையும் சொல்வாள்.

"ஜன்னல் எவ்ளோ பெருசு வேணுங்க?" என்று ஷரபுன்னிசா கேட்டார்.

"சின்னதா, உசரத்துல இருந்தாப் போதும்மா. தாழ வெச்சா பசங்க கையை வெளிய நீட்டுவாங்க. மலைப்பாதையில கிளை அடிச்சுடும்" என்றார் அடைக்கலம்.

அப்பாவுக்கும் அது பிடித்திருந்தது. ஓட்டை சின்னதாக இருந்தால் கூரைக்குப் பலம் அதிகம் அல்லவா?

சனிக்கிழமை அட்டைக் கூரை ஜீப்பின் மேல் ஏறியது. அதைப் பார்க்க அடைக்கலத்தோடு அவர் மகள் யாழினியும் வந்திருந்தாள். மூன்றாம் வகுப்பு படிப்பவள். ஜீப்பின் பின்பக்கம் ஏறி, பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து, நாலு பக்கமும் பார்த்தாள். பிரான்சியும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டாள் பிரான்சி.

"நல்லா இருக்கு" என்றாள் யாழினி, பாகற்காய் தின்ற முகத்தோடு.

"நல்லா இருந்தா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

யாழினி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மழை பெஞ்சா அப்பா தார்ப்பாயை இறக்கி விட்டுடுவாங்க. வெளிய ஒண்ணுமே தெரியாது. வளைவுல திரும்பத் திரும்ப எனக்கு வாந்தி வந்துடும். வகுப்புல எல்லாரும் மூக்கைப் பொத்திக்குவாங்க. அதனால மழை பெஞ்சா நான் ஸ்கூலுக்குப் போறதில்ல."

"அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். மட்டம் போடறதுக்குக் கதை விடறேன்னு திட்டுறாங்க."

யாழினி அட்டைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "இது வந்துட்டா தினமும் தார்ப்பாய் இறக்கின மாதிரிதான் அக்கா. நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன்."

பிரான்சி குனிந்து, யாழினியின் தலை இருந்த உயரத்துக்குத் தன் தலையைக் கொண்டுவந்தாள். எங்கே பார்த்தாலும் பழுப்பு அட்டை. ஜன்னல் எங்கோ மேலே, பல்லிகள் வேடிக்கை பார்ப்பதற்காக வைத்ததுபோல் இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இந்த வாந்தி அவளுக்கும் பழக்கம். ஸ்ரீரங்கத்துச் சித்தி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒன்றும் ஆகாது. கூட்டத்துக்கு நடுவே நின்று, யாரோ ஒருவரின் சட்டை முதுகையே பார்த்துக்கொண்டு போனால், சத்திரம் பஸ் நிலையம் தாண்டுவதற்குள் வயிறு புரட்ட ஆரம்பித்துவிடும்.

அவள் ஜீப்பிலிருந்து குதித்து அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, ஜன்னலைக் கீழே இறக்கணும். இல்லன்னா பிள்ளைங்க வாந்தி எடுப்பாங்க."

"வாந்திக்கு எலுமிச்சம்பழம் இருக்கு, மாத்திரை இருக்கு. அதுக்கு ஏம்மா ஜன்னலை இழுக்குறே?" என்றார் அப்பா.

"வெளிய தெரியலன்னா வண்டி ஆடறது உடம்புக்கு மட்டும்தான் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. ரெண்டும் சண்டை போட்டுக்குதுப்பா. அது கடைசியில வயித்துல வந்து முடியுது."

அடைக்கலம் சிரித்தார். "எங்க யாழினி சொல்லிக்குடுத்தாளா? அவ மழையைப் பார்த்தாலே மட்டம் போடுற ஆளு. அவ பேச்சைக் கேக்காதே பாப்பா."

"திங்கக்கிழமை அச்சு வேலை ஆரம்பிக்கணும். அச்சுல ஜன்னலோட இடம் பதிஞ்சுட்டா அப்புறம் மாத்தவே முடியாது. இப்பப் போய்க் குழப்பாதே" என்றார் அப்பா.

பிரான்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் அப்பாவிடம் அழுது எந்தக் காரியமும் நடந்ததில்லை. பலமுறை முயன்று பார்த்தவள் அவள். அதனால் வேறு வழியை யோசித்தாள்.

"அடைக்கலம் மாமா, நீங்க ஒரு தடவையாவது பின்னாடி உட்கார்ந்து போயிருக்கீங்களா?"

"நான் பின்னாடி உட்கார்ந்துட்டா வண்டியை யாரு ஓட்டுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரான்சி சிரிக்கவில்லை.

"அப்பா ஓட்டட்டும். ஸ்ரீரங்கத்துக் கண்ணாடிக் கடைக்கு இன்னைக்கு எப்படியும் போகணும்ல? அட்டைக் கூரையோடவே போவோம். நீங்க பின்னாடி உட்காருங்க. ஆனா சீட்டுல இல்ல. கீழே தரையில."

"தரையிலயா? எதுக்கு?"

"யாழினி கண்ணு எந்த உசரத்துல இருக்கோ, உங்க கண்ணும் அந்த உசரத்துல இருக்கணும். வாந்தி வரலன்னா நான் ஜன்னலைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அடைக்கலம் மீசையைத் தடவிக்கொண்டார். "எத்தனையோ வருஷமா மலையில வண்டி ஓட்டுறேன். இந்தத் திருச்சி ரோடு என்னை என்ன பண்ணிடும்? வாங்கண்ணே, போய்ட்டு வருவோம்."

ஷரபுன்னிசா அட்டைக் கூரையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். அப்பா ஓட்டினார். யாழினி முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் அடைக்கலம் தரையில் காலை மடக்கி உட்கார, எதிரே பிரான்சியும் தரையில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் முன்பே அவளுக்குப் பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பால்பண்ணை நிறுத்தம் வரைக்கும் அடைக்கலம் ஊர்க் கதைகள் சொன்னார். அப்புறம் கதை நின்றது. ஆட்டோ ஒன்று குறுக்கே புகுந்ததில் அப்பா சட்டென்று பிரேக் போட்டார். ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு ஒரு வேகத்தடை. அதைத் தாண்டியதும் இன்னொன்று. நெற்றியில் பூத்த வேர்வையை அடைக்கலம் துண்டால் துடைத்தார்.

"பாலம் வந்துடுச்சா பாப்பா?"

"தெரியல மாமா. அட்டைதான் தெரியுது."

முன்னாலிருந்து யாழினியின் குரல் கேட்டது. "அய்யோ, காவிரியில எவ்ளோ தண்ணி! கொக்கு பாருங்க, கொக்கு!"

பின்னால் இருந்த இருவருக்கும் கொக்கும் தெரியவில்லை, காவிரியும் தெரியவில்லை. பிரான்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாழினி யாழினி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி மாம்பழச் சாலைக்குள் திரும்பியதுதான் தாமதம்.

"அண்ணே! நிறுத்துங்க! ஓரமா நிறுத்துங்க!"

அடைக்கலம் பின்பக்கமாகக் குதித்து ஓடினார். சாக்கடை ஓரம் குனிந்தவர் நிமிரச் சிறிது நேரம் ஆனது. பிரான்சியும் இறங்கி, வாயைப் பொத்திக்கொண்டு நல்ல காற்றை இழுத்து இழுத்து விட்டாள்.

யாழினி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து அப்பாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு முகத்தை ரொம்பவும் கண்டிப்பாக வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏம்ப்பா, மட்டம் போடப் பாக்குறீங்களா?"

அமிர்தசாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடைக்கலமும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் அவருக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை மழை நாட்களில் மகளைத் திட்டியிருக்கிறார்!

"உன்னை நம்பாம விட்டுட்டேம்மா. தப்பு என் மேலதான்" என்றார் அவர், மகளின் தலையில் கை வைத்து.

"அப்ப ஜன்னலை இறக்கலாமா?" என்று கேட்டாள் பிரான்சி.

"இறக்கு பாப்பா. எவ்ளோ வேணும்னாலும் இறக்கு."

அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆனால் எவ்வளவு இறக்குவது? ஜீப்பில் வரும் பிள்ளைகள் எல்லோரும் யாழினி உயரமா என்ன?

அன்றிரவு ஜீப் பட்டறையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பிரான்சி தெருவில் இறங்கினாள். இக்ரா, ஆசீர், ஒன்றாம் வகுப்பு வாண்டுகள், எட்டாம் வகுப்பு நெட்டைகள் என்று கையில் கிடைத்தவர்களையெல்லாம் பட்டறைக்கு இழுத்து வந்தாள். ஒவ்வொருவரையும் ஜீப்பில் உட்காரவைத்து, கண் எங்கே வருகிறதோ அங்கே அட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

ஆசீர் கழுத்தை ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீட்டினான்.

"டேய், ஒழுங்கா உட்காரு!"

"நான் இக்ராவை விட உசரம்!"

"நீ உசரமா உட்கார்ந்தா ஜன்னலும் உசரத்துக்குப் போயிடும்டா. அப்புறம் உன்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஆசீர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான். எல்லாக் கோடுகளும் விழுந்த பிறகு பார்த்தால், அவையெல்லாம் ஒரு நீளமான பட்டைக்குள் அடங்கியிருந்தன. ஷரபுன்னிசா அந்தப் பட்டையைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து கத்தியால் வெட்டினார். இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை நீண்ட ஜன்னல். வெளிச்சம் உள்ளே வந்தது.

அப்பா மேலே கையை வைத்து அழுத்தினார். அட்டைக் கூரை பொசுக்கென்று அமுங்கியது.

"பாத்தியா? இவ்ளோ பெரிய ஓட்டை போட்டா இப்படித்தான் ஆகும். மரக்கிளை விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அது நியாயமான கேள்விதான். பிரான்சிக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக வீட்டுக்குப் போகவும் அவள் தயாராக இல்லை. பட்டறை முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அங்கே விற்பனைக்கு நின்ற தண்ணீர்த் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள்.

"அப்பா, தொட்டியைச் சுத்தி வரி வரியா மேடு வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"அது இல்லன்னா தண்ணி தள்ளித் தொட்டி வயிறு உப்பிடும். அந்த மேடுதான் பலம்."

"அந்த மேட்டை ஜன்னலுக்கு மேலயும் கீழயும் வெச்சா?"

அப்பா தொட்டியின் மேட்டைக் கையால் தடவிப் பார்த்தார். ஷரபுன்னிசா ஓர் அட்டைத் துண்டை விசிறி மாதிரி மடித்து நிறுத்தி, அதன் மேல் ஒரு ரெசின் டப்பாவை வைத்தார். தட்டையாக இருந்தபோது வளைந்து விழுந்த அதே அட்டை, இப்போது அசையாமல் டப்பாவைத் தாங்கியது.

"அண்ணே, மேடு வெச்சு, நடுவுல ரெண்டு தூணும் விட்டுட்டா கிளை என்ன, ஆளே ஏறி நிக்கலாம்" என்றார் ஷரபுன்னிசா.

"பசங்க கையை நீட்டுவாங்களே?" என்று கேட்டார் அப்பா.

"கண்ணாடியைத் திறக்க முடியாம வெச்சுடுவோம்ப்பா. காத்துக்கு மேல கூரையில ரெண்டு மூடி வெச்சுக்கலாம்" என்றாள் பிரான்சி.

அப்பா ஜன்னலின் மேல் டேப்பை வைத்து அளந்து பார்த்தார். "சரி, திங்கக்கிழமை இதையே அச்சா செய்வோம்" என்றார். அதைக் கேட்டதும் பிரான்சிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தும் விட்டாள்.

அச்சு செய்து, இழைப் பாய் ஒட்டி, தேய்த்து, வெள்ளை வண்ணம் அடித்து, கண்ணாடி பொருத்தி முடிப்பதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. கூரையைச் சோதித்துப் பார்க்க அப்பா மலைக்குப் புறப்பட்டார். பிரான்சியின் பள்ளிக்கு மறுநாள் விடுமுறை என்பதால் அவளும் கூடவே போனாள். இரவு அடைக்கலம் வீட்டில் தங்கினார்கள்.

காலையில் எழுந்து பார்த்தால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிரான்சிக்கு யாழினியைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் யாழினி சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்பாக ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள்.

ஊர் ஊராகப் பிள்ளைகள் ஏறினார்கள். வளைவுகள் தொடங்கின. தகரத்தில் அரிசி கொட்டுவது போல மழை கூரையில் தடதடத்தது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, அருவியைப் பாரு, குரங்கைப் பாரு என்று கத்தினார்கள்.

ஒவ்வொரு வளைவிலும் அடைக்கலம் முன்னாலிருந்து கவலையோடு கேட்டார். "யாழினி, எப்படிம்மா இருக்கு? நிறுத்தவா?"

மூன்றாவது தடவை கேட்டபோது யாழினிக்குப் பொறுமை போய்விட்டது. "பேசாம ஓட்டுங்கப்பா! மயில் பயந்து ஓடிடப் போகுது!"

அமிர்தசாமி திரும்பி மகளைப் பார்த்தார். பிரான்சி பார்க்கவில்லை. அவளும் அந்த மயிலைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் ஜீப் நின்றபோதும் மழை விடவில்லை. அடைக்கலம் இறங்கி வந்து பின்கதவைத் திறந்ததும் யாழினி முதல் ஆளாகக் குதித்தாள். குடையைக்கூட விரிக்காமல், தேங்கிய தண்ணீரெல்லாம் தெறிக்கத் தெறிக்க, தன் வகுப்பை நோக்கி ஓடினாள்.