உடனிருக்க இசைவு

கடைகள் திறந்ததும் மெர்லின் கேமராவைத் தெருவை நோக்கிப் பிடித்து, யாரைக் காணோம் என்று பார்ப்பாள். இன்று ஆட்டோக்காரர் சூசையைக் காணவில்லை. நேரில் அவர் மீன்காரி பாக்கியத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். திரையில் அந்த இடத்தில் வெறும் சுவர்.

உடனிருப்புச் சட்டம் வந்த பிறகு எல்லாக் கேமராக்களும் இப்படித்தான். இன்னாரோடு ஒரே படத்தில் இருக்க மாட்டேன் என்று ஒருவர் கைப்பட்டையில் பதிந்துவிட்டால், இருவரில் படத்துக்குள் பிந்தி வந்தவரைக் கேமரா அழித்துவிடும். மறுத்தது யார் என்று சொல்லாது. தனி ஆளை எடுப்பது எளிது. தூத்துக்குடிப் பேருந்து நிலையச் சுவருக்கு ஆட்கள் நிறைந்த தெரு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

கருவாட்டு மூட்டையை ஏற்ற மாட்டேன் என்றாராம் சூசை.

"நாத்தமாம். அவன் வண்டியில மல்லிப்பூவா மணக்குது?" என்றாள் பாக்கியம்.

மெர்லின் கெஞ்சிய பிறகு, படம் முடியும்வரை மட்டும் என்று பாக்கியம் தன் பட்டையைத் தட்டினாள். சுவரில் சூசை முளைத்தார்.

இனி ஒருவரை ஒருவர் மறைக்கக் கூடாது. டீக்கடைக்காரருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பெண் ஒளிந்தாள். மெர்லின் இடப்பக்கம் நகர்ந்ததும் எல்லோருக்கும் நடுவே வெளிச்சம் விழுந்தது. ஆனால் எதிர் பேக்கரியின் கண்ணாடியில் அவள் உருவமும் விழுந்தது. வழக்கமாகத் தன் உருவம் படத்தில் விழ விடமாட்டாள். இன்று வேறு வழியில்லை.

அப்போது பேக்கரியிலிருந்து ஜெபராஜ் வெளியே வந்தான். அவள் கணவன். போன வருடச் சண்டையில் தாய் வீட்டுக்குப் போனவன். அதன்பின் மகளின் பிறந்தநாள் படத்தில் இருவரும் சேர்ந்து விழவில்லை. அவள் மறுக்கவில்லை, அப்படியென்றால் மறுத்தது அவன்தான்.

இப்போது அவன் மறைந்துவிடுவான் என்று திரையைப் பார்த்தபடி நின்றாள். மறையவில்லை. கண்ணாடியில் அவள், பக்கத்தில் ரொட்டிப் பொட்டலத்தோடு அவன். விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

தெருவைக் கடந்து போய், எப்போதிலிருந்து மறுப்பு இல்லை என்று கேட்டாள்.

"தவக்காலம் தொடங்குனதுல இருந்து. தெனமும் உன் கேமரா முன்னாடிதான் நடக்கேன். நீதான் கண்ணாடியில விழாம ஒதுங்கி ஒதுங்கி நின்ன."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"நீயும் மாட்டேன்னு பதிஞ்சிருந்தா? அந்தப் பயம்தான்."

"நான் ஒருநாளும் பதியல."

அவன் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டான். படத்தில் சேர்ந்து நிற்பதற்குத்தான் பட்டையில் இசைவு உண்டு. வீட்டுக்கு வருவதற்கு வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சாயங்காலம் வரட்டுமா?"

"சாயங்காலம் எதுக்கு? எங்கம்மா இப்பதான் பாப்பாவுக்குத் தலை சீவிக்கிட்டு இருப்பாங்க. வாங்க, நீங்க ஸ்கூல்ல விடுங்க."